மணி கிடைத்த விதம்

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிவிட்டது. பதில் எழுத மனம் வரவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். கிணற்றடி மாதுளை இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது. எங்கள் நாய் மணிதான் இல்லை.

தீபாவளிக்கு முதல்நாள் இரவு வெடிச் சத்தத்தில் மிரண்டு, படலை இடுக்கால் ஓடிவிட்டான். கோண்டாவில் ஒழுங்கை ஒன்று விடாமல் மகளும் நானும் சைக்கிளில் தேடினோம். வாய்க்கால், பாழ்வளவு, மதவடி எல்லாம் பார்த்தாயிற்று. மூன்றாம் நாள் மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு.

"தம்பி, கறுப்பு நாயொன்று உங்களுடையதோ? உயிரில்லை, ராசா. ஆனாலும் வாங்கோ."

உரும்பிராய்ப் பக்கம், பலாலி வீதி ஓரம் தோட்டம் செய்கிற ஒருவர். விடியப்புறம் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் மாறப் போனபோது, ஏதோ வாகனம் அடித்துப் போட்டிருந்ததைக் கண்டிருக்கிறார். கழுத்துப் பட்டியில் நான் மையால் எழுதிய நம்பரில் கடைசி இலக்கம் மழையில் அழிந்துபோயிருந்தது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பூச்சியத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு இலக்கமாகப் போட்டு எடுத்திருக்கிறார். எங்களுடையது ஏழு. அதற்கு முன் ஏழு வீட்டாரிடம் "உங்கட நாய் துலைஞ்சதோ?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு பேர் ஏசி வைத்தார்களாம்.

நாங்கள் போனபோது மணியைப் பூவரசு நிழலில் கிடத்தி, நனைத்த சாக்கால் மூடியிருந்தார். வாயோரத்து இரத்தத்தைக் கழுவியிருந்தார். "பிள்ளையும் வரும் எண்டு நினைச்சன்" என்றார். அந்த ஒரு சொல்லில்தான் நான் அழுதேன். பிறகு தன்னுடைய மண்வெட்டியையே எடுத்து, தோட்டத்து மூலையில் செம்மண்ணை ஆழமாக வெட்டினார். மகள் செவ்வரத்தம் பூ வைக்கும்வரை பேசாமல் பக்கத்தில் நின்றார். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தா. காசு கொடுக்க எடுத்தேன். என் கையை மெல்ல மூடிவிட்டார்.

வரும் வழியில் உன் நாய் வீமன்தான் நினைவுக்கு வந்தான். 1995 ஒக்டோபர் 30, யுத்தத்தால் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்த அந்த மழை இரவு. செம்மணி வெளியில் சனம் அடியடியாக நகர்ந்தபோது வீமன் உன் சைக்கிளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான். நாவற்குழிப் பாலத்து நெரிசலில் காணாமல் போனான். அதற்குப் பிறகு எத்தனை வருடம், "எங்கை கிடந்து செத்துதோ" என்று நீ சொல்வாய். நாய்தானே என்று நான் உன்னைத் தேற்றியிருக்கிறேன். அது பிழை மச்சான். அந்த மூன்று நாளும் மகள் சோறு முன்னால் வைத்துக்கொண்டு படலையையே பார்த்திருந்ததைக் கண்ட பிறகுதான், நீ இவ்வளவு காலமும் எதைச் சுமந்தாய் என்று விளங்கியது. மணியைப் புதைத்த அன்று இரவு அவள் நித்திரை கொண்டாள்.

போன ஞாயிறு அந்தத் தோட்டக்காரர் திரும்ப அழைப்பு எடுத்து, "பிள்ளை சாப்பிடுதோ?" என்று கேட்டார். நீ ஊருக்கு வரும்போது அவரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன்.

உன் அம்மாவின் அல்பத்தில், பத்தலுக்குப் பக்கத்தில் வீமன் நிற்கிற படம் ஒன்று இருந்தது. இன்னும் இருந்தால் ஒரு பிரதி அனுப்பு. மகள் பார்க்கவேண்டுமாம்.

அன்புடன்,
உன் கூட்டாளி