ஞாயிறு ஆராதனைக்கு ஒரு வான்: சபை மக்களிடம் வேண்டுகோள்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

கடந்த திருவிருந்து ஆராதனைக்கு வந்தவர்கள் 27 பேர். அவர்களில் அறுபது வயதுக்குக் குறைந்தவர்கள் ஐந்து பேர்தான். முன்னுக்கு நான்கு வாங்குகளுக்குள் சபை அடங்கிவிட்டது.

1816இல் தெல்லிப்பழையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய், பண்டத்தரிப்பு என்று பரவி, ஆலயத்தோடு பள்ளிக்கூடத்தையும் கட்டினார்கள். சனங்கள் நடந்தே ஆராதனைக்கு வந்தார்கள். 1960இல் மிஷன் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. பள்ளிக்கூடத்தோடு இருந்த தொடுப்பு தளர்ந்தது. 1995 ஒக்ரோபரில் போரினால் எங்கள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தவர்கள் எல்லாரும் பழைய வளவுக்கு வரவில்லை. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். சில குடும்பங்கள் வேறு சபைகளுக்குப் போய்விட்டன. அவர்களை நாங்கள் குறை சொல்லமாட்டோம். அந்தச் சபையார் வீடு தேடிப் போய் ஜெபித்தார்கள், நாங்கள் போகவில்லை.

இம்முறை லெந்து எனும் தவக்கால நாட்களில் சபைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். முந்திப் பாடகர் குழாமில் இருந்த ஒரு அம்மா இப்போது ஆலயத்திலிருந்து ஆறு கிலோமீற்றர் தள்ளி, தனிய இருக்கிறார். "ஐயர் வீட்டுக்கு வந்து திருவிருந்து தாறார், தம்பி. ஆனா எல்லாரோடையும் நிண்டு பாடேலாதே. ஓட்டோவுக்குக் குடுக்கிற காசு மருந்துக்கு வேணும்" என்றார். இதே கதையை இன்னும் பல வீடுகளில் கேட்டோம். பதிவேட்டில் 'வருவதில்லை' என்று நாங்கள் குறித்து வைத்திருந்த பெயர்களில் பல, வர வழியில்லாதவர்களுடையவை. அது எங்கள் மனதைச் சுட்டது.

ஆகவே ஒரே குருவானவரின் பொறுப்பிலுள்ள மூன்று ஆலயங்கள் சேர்ந்து, பாவித்த வான் ஒன்று வாங்கத் தீர்மானித்திருக்கிறோம். ஆராதனை நேரங்கள் வேறு வேறு என்பதால் ஒரே வான் மூன்று இடத்துக்கும் ஓடும்; ஓய்வுநாட் பாடசாலைப் பிள்ளைகளையும் ஏற்றும். இரண்டு இளைஞர்கள் சம்பளமின்றி ஓட்ட முன்வந்திருக்கிறார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வாழைக்குலையும் பூசணிக்காயும் விற்ற காசோடு விலையில் மூன்றிலொரு பங்கு சேர்ந்துவிட்டது. மீதிக்கு உங்களிடம் கை நீட்டுகிறோம். வெளிநாட்டிலுள்ள உறவுகளே, உங்கள் பெற்றோர் ஏறப்போகும் வான் இது.

முழுத்தொகை வேண்டாம், ஒரு மாத டீசல் செலவை ஏற்றாலும் போதும். காசைப் பொருளாளரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வரவு செலவு மூன்று ஆலயங்களின் அறிவித்தற் பலகையிலும் மாதந்தோறும் ஒட்டப்படும்.

காசு கொடுக்க இயலாதவர்கள், ஏற்றிவர வேண்டிய முதியவர்களின் விலாசத்தைத் தாருங்கள். நத்தார் ஆராதனைக்கு அந்த அம்மாவைக் கூட்டிவர வேண்டும்.

ஆலயச் செயற்குழு,
வலிகாமம், யாழ்ப்பாணம்