புள்ளிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு மடல்

செட்டிநாட்டு நகரத்தார் சங்கப் பெரியவர்களுக்கு வணக்கம்.

நான் உங்கள் சமூகத்தவன் அல்லன். காரைக்குடியில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். கேட்க வந்ததை நேராகவே கேட்டுவிடுகிறேன்: இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து இங்கே அகதி முகாம்களில் இருக்கும் மலையகத் தமிழருக்கு இந்தியக் குடியுரிமை கோரி உங்கள் சங்கங்கள் தீர்மானம் போட வேண்டும்.

முகாமிலிருந்து வந்த ஒருவர், தம் தகப்பனாரின் இந்தியப் பாஸ்போர்ட்டை என் மேசையில் வைத்தார். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தும் ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. பூர்வீகம் எந்த ஊர் என்று கேட்டேன். திருப்பத்தூர்ப் பக்கம் என்றார். அடுத்த பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம்! தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்துப்போன குடும்பம். 1948இல் இலங்கை அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா ஒப்புக்கொண்டது. இவர் தகப்பனாருக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது. புறப்படுவதற்குள் போர் வந்து, 1984இல் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் வரும் கப்பலும் நின்றது. உயிருக்குப் பயந்து தோணியில் வந்து இறங்கியபோது அவர்கள் அகதிகள்.

குடியுரிமைச் சட்டத்தின் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, தோணியில் வந்த இவர்களைப்போல ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று முத்திரை விழுந்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. 2004 டிசம்பர் 3 முதல் இங்கே பிறந்த பிள்ளைக்கும், பெற்றோரில் ஒருவருக்கு அந்த முத்திரை இருந்தால், பிறப்புரிமை இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதவருக்கு வழிவிட்டது. இலங்கை அதில் இல்லை.

உங்களிடம் ஏன் வருகிறேன்? பர்மாவை உங்களைவிட யார் அறிவார்? கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் ஒரு காலத்தில் உங்கள் முன்னோர் கையில் இருந்தது. 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். எத்தனையோ பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள். (உங்கள் வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களைப் படம் எடுக்க வருகிறவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை.) ஆனாலும் வந்தவர்களை ‘நீ யார்?’ என்று இங்கே ஒருவரும் கேட்கவில்லை. ரங்கூனில் பிறந்த பையனானாலும் கல்யாணத்துக்கு அவன் குடும்பம் சேர்ந்த நகரக் கோயிலிலிருந்து மாலை வந்தது. இளையாற்றங்குடியிலோ பிள்ளையார்பட்டியிலோ கோயில் கணக்கில் மணமான ஒரு குடும்பமாக, உங்கள் சொல்லில் ஒரு புள்ளியாக, அவன் ஏறினான். தேயிலைக் கொழுந்து கிள்ளப் போனவர்களுக்கு அப்படிக் கணக்கு வைக்க ஊரில் ஆளில்லை.

தீர்மானத்தில் இரண்டு கோரிக்கை போதும். ஒப்பந்தப்படி பாஸ்போர்ட் பெற்றவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் இந்தியர் என்றே ஏற்க வேண்டும். புது விண்ணப்பம் கேட்கக் கூடாது. மற்ற முகாம்வாசிகள் மேலுள்ள சட்டவிரோத முத்திரையை நீக்க வேண்டும். வாசகத்தை நானே எழுதித் தருகிறேன், கூலி வேண்டாம்.