கோடியக்கரைக் காட்டில் ஒரு காலை

ஆசிரியருக்கு,

பங்குனி முதல் வாரம், விடியற்காலையில் பேரனோடு கோடியக்கரைக் காட்டில் நடந்தேன். கடலோரத்தில் இப்படியொரு உலர் பசுமைமாறாக் காடு மிச்சமிருப்பதே அபூர்வம். இராமர் பாதம் இருக்கும் மேட்டைத் தாண்டியதும், முறுக்கிய கொம்போடு ஓர் ஆண் வெளிமான் எங்களையே பார்த்தபடி நின்றது. அப்புறம் ஒரே துள்ளல். பூநாரைகள் தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாகத்தான் தெரிந்தன.

1967-இல் சரணாலயம், 2002-இல் ராம்சார் தலம், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம். பெயருக்குக் குறைவில்லை. ஆனால், முன்னால் போன வேனிலிருந்து குரங்குகளுக்குச் சிப்ஸை பாக்கெட்டோடு வீசினார்கள். ஒரு குட்டி அந்த உறையை நக்கிக்கொண்டிருந்தது. நுழைவாயிலிலேயே பைகளைச் சோதித்தால் என்ன? அப்படியே மரங்களுக்குத் தமிழில் பெயர்ப்பலகையும் வைக்கலாம். உலக்கைப்பாலையைத் தவிர, பேரன் கேட்ட பாதி மரத்துக்கு எனக்கே பெயர் தெரியவில்லை.

- வாசகர், வேதாரண்யம்