சீன ரீவி சனல்களுக்கு ஆர் காசு குடுக்கினம்?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பரில வெளிநாட்டுச் சீனச் சனத்துக்காக நடக்கிற சுதந்திர ரீவி சனல்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது, நல்லாத்தான் இருந்தது, ஆனா வாசிச்சு முடிச்ச பிறகும் ஒரு விசயம் உறுத்திக்கொண்டே இருந்தது. பீஜிங்கை எதிர்க்கிற சனல் எல்லாம் சுதந்திரமான சனல், பீஜிங்கோட நிக்கிறது எல்லாம் அடிமைச் சனல் எண்டு அவ்வளவு லேசாப் பிரிச்சு விட்டிட்டீங்கள். நான் கனடாவில, ரொறன்ரோ ஸ்காபரோவில கன காலமா இருக்கிறன், பக்கத்து வீடும் எதிர் வீடும் சீன ஆக்கள், அவை என்ன பாக்கினம் எண்டது எனக்குக் கொஞ்சம் தெரியும். ஒரு சனலுக்கு மாசா மாசம் ஆர் காசு குடுக்கினம், நினைச்ச நேரம் அதை நிப்பாட்ட ஆரால ஏலும், இந்த ரெண்டையும் கேளாமல் சுதந்திரம் எண்டு எழுதினால் பாதிக் கதைதான் வரும்.

2003இல வந்த சார்ஸ் எண்ட மூச்சு வருத்தத்தின்ர கதையைச் சொல்லுறன், ஏனெண்டால் அது எங்கட ஊர்க் கதையும்தான். தென் சீனாவின்ர குவாங்டொங் மாகாணத்தில 2002 நவம்பரிலயே அந்த வருத்தம் தொடங்கீட்டுது, ஆனா அங்கத்தைய பேப்பர், ரேடியோ எல்லாத்துக்கும் வாய்ப்பூட்டு. 305 பேருக்கு வருத்தம், 5 பேர் செத்திட்டினம் எண்டு கணக்கு வெளியில வரவே அடுத்த வருசம் பெப்ரவரி 11 ஆகீட்டுது. அதே மாசம் அங்க நோயாளிகளைப் பாத்த டொக்டர் ஒருத்தர் வருத்தத்தோட ஹொங்கொங் போய் மெற்றோபோல் எண்ட ஹோட்டல்ல தங்கினார், அந்த நேரம் அங்க நிண்ட ஸ்காபரோ அம்மா ஒராள் தனக்குத் தொத்தினது தெரியாமல் திரும்பி வந்து மார்ச் தொடக்கத்தில வீட்டிலயே செத்துப்போனா, பிறகு மகனை ஸ்காபரோ கிறேஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அங்க இருந்து பரவினதுதான் மிச்சமெல்லாம். கனடாவில 44 பேர் செத்தவை. எங்கட தமிழ் ஆக்களும் வேலை செய்யிற, வருத்தத்துக்குப் போற ஆஸ்பத்திரி அது. சீனச் சாப்பாட்டுக் கடையளுக்கு ஒரு சனம் போகேல்லை, அந்தக் கூத்தும் ஞாபகம் இருக்கும்.

இதில ரீவி எங்க வருது எண்டால், பீஜிங்கில ஜியாங் யான்யொங் எண்டு இளைப்பாறின ராணுவ டொக்டர் ஒருத்தர் இருந்தவர். சுகாதார அமைச்சர் ரீவியில வந்து பீஜிங்கில பெரிசா ஒண்டுமில்லை எண்டு ஒரு சின்னக் கணக்கைச் சொல்ல, இவருக்குப் பொறுக்கேல்லை, ராணுவ ஆஸ்பத்திரியளில மட்டுமே அதை விடக் கன பேர் கிடக்கினம் எண்டு ஏப்ரல் 4 ஆந் தேதி கடிதம் எழுதி ரெண்டு சனலுக்கு அனுப்பினவர். ஒண்டு சிசிரிவி-4, மற்றது பீனிக்ஸ். ரெண்டு பேரும் போடேல்லை. கடைசியில அமெரிக்காவின்ர டைம் சஞ்சிகைக்குக் கைமாறிப் போய் ஏப்ரல் 8 வெளியில வந்தாப்பிறகுதான் உலகத்துக்குத் தெரிஞ்சது, ஏப்ரல் 20 அந்த அமைச்சருக்கும் பீஜிங் மேயருக்கும் பதவி போச்சுது. அந்த ரெண்டு சனலும் எது எண்டு பாருங்கோ. சிசிரிவி-4 தொடங்கினதே வெளிநாட்டில இருக்கிற சீனருக்காக. அது அரசாங்கத்தின்ர, அதில ஆரும் பெரிசா எதிர்பாக்க மாட்டினம். ஆனா பீனிக்ஸ் 1996இல ஹொங்கொங்கில தொடங்கின தனியார் சனல், ஊடக முதலாளி மேடொக்கின்ர ஸ்ரார் ரீவியும் அதில பங்காளி, ஸ்ரைலா, வேகமா, கொஞ்சம் துணிவா இருக்கு எண்டு வெளிநாட்டுச் சீனர் விரும்பிப் பாத்த சனல். அவைக்கு விளம்பரக் காசு வந்தது சீனாவுக்குள்ள இருந்து, அங்க கேபிளில தெரியிறதுக்கு அனுமதியும் அங்க இருந்துதான். அதை ஒரு கடிதத்துக்காக ஆர் பணயம் வைப்பினம்? ஒருத்தரும் வந்து மிரட்டத் தேவையில்லை, தாங்களாவே பேசாமல் இருப்பினம்.

இனி உங்கட கட்டுரையில கதாநாயகன் மாதிரி வந்த நியூ ராங் டைனஸ்ரி, எல்லாரும் என்ரீடி எண்டு சொல்லுறது. 2001இல நியூயோர்க்கில ஃபலுன் கொங் எண்ட சீன ஆன்மீக இயக்கத்து ஆக்கள் தொடங்கி 2002இல ஒளிபரப்புக்கு வந்தது. 1999 ஜூலையில சீனா அந்த இயக்கத்தைத் தடை செய்து ஆக்களைப் பிடிச்சு அடைக்கத் தொடங்கின பிறகு அவைக்குத் தங்கட கதையைச் சொல்ல ஒரு வழி வேண்டியிருந்தது, அது எனக்கு நல்லா விளங்குது, எங்களுக்கு விளங்காமல் ஆருக்கு விளங்கும். 2004இல யூரெல்சற் கொம்பனியின்ர சற்றலைட்டில ஏறி சீனாவுக்குள்ளயே டிஷ் வச்சிருந்தவைக்கும் தெரிஞ்சது. 2008 ஜூன் 16, ஒலிம்பிக்ஸ் தொடங்க ரெண்டு மாசம் கூட இல்லை, ஆசியாப் பக்கம் போற சிக்னல் நிண்டிட்டுது. சற்றலைட்டில கரண்ட் பழுது எண்டு கொம்பனி சொன்னது, அந்தச் சற்றலைட்டில பழுது வந்தது உண்மையும்தான். ஆனா ஜூலையில எல்லைகளற்ற செய்தியாளர் அமைப்பு ஒரு ரெலிபோன் பதிவை வெளியில விட்டது, அதில கொம்பனியின்ர பீஜிங் ஒபிசில இருக்கிற ஒராள், இந்தச் சனலை நிப்பாட்டச் சொல்லி சீனத் தரப்பில இருந்து கேட்டுக்கொண்டே இருந்தவை, பழுது வந்த நேரம் எதை நிப்பாட்டுறது எண்டதை நாங்களே தெரிஞ்செடுத்தனாங்கள் எண்ட மாதிரிச் சொல்லுறார். கொம்பனி அதை மறுத்தது. எது எப்பிடியோ, ஸ்ரூடியோ நியூயோர்க்கில பத்திரமா இருந்தாலும் சுவிட்ச் வேற ஆற்றையோ கையில.

ஆனா காசு எங்க இருந்து எண்ட கேள்வியை என்ரீடியிட்டயும் கேக்க வேணும்தானே, அதைத்தான் உங்கட கட்டுரை விட்டிட்டுது. அதுவும் ஈபொக் ரைம்ஸ் பேப்பரும் ஒரே குடும்பம். 2020இல சீன அரசு கொரோனா வைரசை மறைச்சது எண்டதோட நிக்காமல் அது ஆயுதமா இருக்கலாம் எண்ட மாதிரி ஒரு விசேச இதழ் அடிச்சு இஞ்ச வீடு வீடாப் போட, தபால்காரரே இதைக் கொண்டுபோய்ப் போட மாட்டம் எண்டு முறைப்பாடு செய்தவை. அமெரிக்க அரசியலில ட்ரம்ப் பக்கம் எப்பிடிச் சாஞ்சினம் எண்டதும் எல்லாருக்கும் தெரியும். 2024 ஜூனில ஈபொக் ரைம்ஸின்ர பிரதம நிதி அதிகாரியில நியூயோர்க்கில வழக்குப் போட்டினம், குறைஞ்சது 67 மில்லியன் டொலர் களவுக் காசை வெள்ளையாக்கினது எண்டு குற்றச்சாட்டு. அவர் தான் குற்றவாளி இல்லை எண்டிட்டார், அதைக் கோட்டு பாக்கட்டும். நான் சொல்லுறது, சீனாவில மனித உரிமை மீறல் நடக்கேல்லை எண்டில்லை, என்ரீடி சொன்ன கன விசயம் மற்றவை சொல்லாத நேரத்தில சொன்னதும் உண்மை. ஆனா ஒரு இயக்கத்தின்ர சனல் அந்த இயக்கத்தின்ர தலைவரைப் பற்றி ஒரு கேள்வியும் கேளாது. இது எங்கட சனத்துக்குத் தெரியாத விசயமோ? இதுக்கு மேல நான் எழுதேல்லை.

அமெரிக்க அரசு காசு குடுத்து நடத்தினவையும் இருந்தினம். றேடியோ ஃபிறீ ஏசியா 1996இல தொடங்கி மண்டரின், கன்ரனீஸ், திபெத்து, உய்கர் எண்டு எல்லாத்திலயும் செய்தி சொன்னது, உய்கர் தடுப்பு முகாம் செய்தியளை முதல்ல வெளியில கொண்டுவந்ததில அவைக்குப் பெரிய பங்கு இருக்கு. 2025 மார்ச்சில வெள்ளை மாளிகையில இருந்து ஒரு உத்தரவு, காசு நிண்டது, அந்த வருசம் ஒக்ரோபர் முடிவோட செய்தி வேலையே நிப்பாட்டீட்டினம். பீஜிங் அவ்வளவு வருசமா அலைவரிசையைக் குழப்பியும் செய்ய முடியாததை வாஷிங்டன் ஒரு கையெழுத்தில செய்து முடிச்சுது.

எங்கட பக்கத்து வீட்டு ஆக்கள் பாக்கிறது பெரும்பாலும் ஃபெயார்சைல்ட் எண்ட இஞ்சத்தைய சீனச் சனல். 1980களில சைனாவிஷன் எண்டு இருந்தது, 1993இல ஃபெயார்சைல்ட் கைக்குப் போனது, ஹொங்கொங் ரீவிபி நாடகங்கள், அதோட இஞ்சத்தைய செய்தி. எங்கட வீடுகளில சண் ரீவி ஓடுற மாதிரி அங்க ரீவிபி சீரியல் ஓடும், முந்தி கசெற் வாடகைக்கு எடுத்துப் பாத்த காலமும் ஒண்டு இருந்தது. அதில அரசியல் துணிவு பெரிசா இல்லை எண்டு இளம் பொடியள் குறை சொல்லுவினம், சரிதான். ஆனா வீட்டு வரி கூடப் போகுது, பள்ளிக்கூட சபை எலெக்சன் வருது, இந்த பஸ் இனி அந்த ரோட்டால போகாது எண்டு ஒரு எழுபது வயசுக் கன்ரனீஸ் அம்மாவுக்கு அவவின்ர பாசையில சொல்லுறது அவைதான். சிசிரிவி-4ம் சொல்லாது, அதுக்கு 2006இல சீஆர்ரீசி, அதாவது கனடாவின்ர ரீவி ரேடியோவுக்கு லைசன்ஸ் குடுக்கிற ஆணைக்குழு, இஞ்ச அனுமதி குடுத்தாப்பிறகு கேபிளில வந்துகொண்டுதான் இருக்கு. நியூயோர்க்கில இருந்து வாற என்ரீடியும் மார்க்கம் நகரசபையைப் பற்றி எவ்வளவுதான் சொல்லும்?

றொஜர்ஸ் கொம்பனி நடத்துற பல பாசைச் சனல் ஒம்னி, அதின்ர கதையைத்தான் நீங்கள் கட்டாயம் எழுதியிருக்க வேணும். 2015 மே மாசம் றொஜர்ஸ் நட்டம் எண்டு சொல்லி ஒம்னியில மண்டரின், கன்ரனீஸ், பஞ்சாபி, இத்தாலியன் செய்தியளை ஒரே நாளில நிப்பாட்டினது. சீனச் சனம், பஞ்சாபிச் சனம் எல்லாம் கடிதம் போட்டு, கூட்டம் வச்சு, பாராளுமன்றக் குழு வரைக்கும் போய்க் கத்தினவை. 2017இல சீஆர்ரீசி ஒரு வழி கண்டுபிடிச்சது, எல்லாக் கேபிள், சற்றலைட் கொம்பனியும் ஒம்னியைக் கட்டாயம் குடுக்க வேணும், ஒரு வீட்டுக்கு அப்ப மாசம் 12 சதம். அந்தக் காசில அந்த நாலு பாசையிலயும் ஒவ்வொரு நாளும் நாடு முழுக்கச் செய்தி. அந்த வருசம் செப்டெம்பரில திரும்ப வந்தது. சீனச் செய்தியை ஃபெயார்சைல்ட்டைக் கொண்டு செய்விச்சதில தொழிற்சங்கம் சண்டை பிடிச்சது வேற கதை. ஆனா இந்தச் சதக் காசை யோசிச்சுப் பாருங்கோ, அதைப் பீஜிங் குடுக்கேல்லை, ஒரு இயக்கமும் குடுக்கேல்லை, ஒரு பணக்காரரும் குடுக்கேல்லை, ஸ்காபரோவில கேபிள் பில் கட்டுற நானும்தான் குடுக்கிறன். நான் பாத்த வரைக்கும் சுதந்திரத்துக்குக் கிட்ட வாற ஏற்பாடு இதுதான், அதிலயும் றொஜர்ஸ் எண்ட பெரிய கொம்பனி நடுவில நிக்குது எண்டாலும்.

இப்ப ரீவியே ஆர் பாக்கினம் எண்டு கேப்பீங்கள். உண்மைதான், சீனாவில இருந்து அண்மையில வந்த ஆக்கள் செய்தி எடுக்கிறது வீசற் எண்ட சீன மெசேஜ் ஆப்பில. அங்க சீன நம்பரில பதிஞ்ச கணக்கு எண்டால் ரொறன்ரோவில இருந்தாலும் தணிக்கை கூடவே வரும். ரொறன்ரோ பல்கலைக்கழகத்து சிற்றிசன் லாப் ஆராய்ச்சிக்காரர் 2020இல வெளியிட்டது இன்னும் மோசம், வெளிநாட்டு நம்பர்க்காரர் தங்களுக்குள்ள அனுப்புற படங்களையும் கண்காணிச்சு, அதை வச்சு சீனாவுக்குள்ள தணிக்கையைக் கூர்மையாக்கினமாம். இதுக்கு மாத்தா ஹொங்கொங்கில இருந்து வந்த செய்தியாளர் இருக்கினம், 2021 ஜூனில அங்கத்தைய அப்பிள் டெய்லி பேப்பரை மூடினாப் பிறகு லண்டன், தாய்வான், கனடா எண்டு சிதறி யூரியூப்பில கன்ரனீஸ் செய்தி செய்யினம். சந்தாக் காசிலதான் ஓடுது, கமரா ஒண்டு, ஆள் ரெண்டு மூண்டு. எனக்கு அவையில நல்ல மரியாதை இருக்கு. ஆனா தேடிப் போய்ப் பாக்கிற ஆளுக்குத்தான் அது, ரிமோட்டை அமத்திப்போட்டு இருக்கிற வயசு போன ஆளுக்கு அது கிடைக்காது.

ஒம்னி கட்டாயமாச் செய்தி சொல்லுற பாசைகளில தமிழ் இல்லை. நாங்கள் இவ்வளவு சனம் இருந்தும், எங்கட சனல்கள் விளம்பரத்தையும் சந்தாவையும் நம்பிக் கஷ்டப்பட்டு ஓடியும், அந்தக் கட்டாயக் காசு ஏற்பாட்டுக்குள்ள ஏன் வரேல்லை எண்டு ஒரு தமிழ்ப் பேப்பரும் கேட்டு நான் காணேல்லை. உங்கட நிருபர் ஆராவது சீஆர்ரீசி தீர்ப்புகளை எடுத்து வாசிச்சு ஒரு கட்டுரை போடுங்கோ. ஒம்னியின்ர லைசன்ஸ் அடுத்த தரம் விசாரணைக்கு வரேக்க ஆரும் கருத்து எழுதிப் போடலாம், அந்தத் தேதியை முன்கூட்டியே உங்கட முதல் பக்கத்தில போட்டால் எங்கட ஊர்ச் சங்கங்களாவது விழா வேலையளுக்கு இடையில ஒரு கடிதம் அனுப்புவினம்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்