மண்ணுக்கு அடியிலும் வரைபடம் வேண்டும்

ஐயா,

நாக்பூர் மெட்ரோ பணியில், கட்டப்போவதைக் கணினியில் முப்பரிமாண மாதிரியாக வரைந்து, அதோடு கால அட்டவணையையும் செலவுக் கணக்கையும் இணைத்த '5டி பிம்' (கட்டடத் தகவல் மாதிரி) முறையைப் பயன்படுத்தினார்கள். தூண் வரும் இடத்தில் குழாய் குறுக்கிட்டால் திரையிலேயே தெரியும், ஜேசிபி வந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குழாய் மாதிரியில் ஏற்றப்பட்டிருக்க வேண்டுமே! நம் ஊர்களில் சிக்கலே அதுதான். பழைய குழாய்கள் எங்கே போகின்றன என்பது பல இடங்களில் ஓய்வுபெற்ற ஃபிட்டருக்குத்தான் தெரியும்.

சென்னையில் 118.9 கி.மீ.க்கு இரண்டாம் கட்ட மெட்ரோ வருகிறது. தோண்டும்போது கண்ணில் படும் ஒவ்வொரு குழாயையும் கேபிளையும் அளந்து, குடிநீர், மின்சாரம், தொலைத்தொடர்புத் துறைகள் எல்லாம் பார்க்கும் ஒரே பொது மாதிரியில் உடனுக்குடன் பதிய வேண்டும். தோண்டுவதற்கு முன் குழாய், கேபிள் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் சொல்ல 2023இல் மத்திய அரசு செயலியே வெளியிட்டது. சரி, எங்கள் தெருவைத் தோண்டிய ஒப்பந்ததாரர் அதைக் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை.

- ஒரு வாசகர், சென்னை