வீட்டுக்காரரையும் உள்ளே கூப்பிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த பெண்களுக்கான உடற்பயிற்சி பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் ஆரம்பம் முதல் கடைசி வரை அந்தப் பெண்ணிடம் மட்டுமே பேசுகிறது. நீ நட, நீ கையைத் தூக்கு, நீ தைரியமாக இரு. அதே வீட்டில் ஒரு ஆள் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறாரே, அவருக்கு ஒரு வரி கூட இல்லை. நான் பாம்பன் பக்கம். ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து இப்போது தினமும் லெட்ரோசோல் என்கிற ஹார்மோன் குறைக்கும் மாத்திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் கொஞ்சம் விவரம் தெரிந்தே எழுதுகிறேன்.

மதுரையில் நான் சிகிச்சை எடுத்த இடத்தில் பிசியோதெரபி சொல்லித்தந்த அம்மா பொறுமைசாலி. சுவரில் விரல்களை ஏறவிட்டுக் கையை உயர்த்துவது, துண்டை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே கொண்டுபோவது, எல்லாவற்றையும் செய்யவைத்துப் படம் போட்ட தாளும் கொடுத்தார். எங்க வீட்டுக்காரர் அப்போது வராந்தாவில் நிற்கிறார். பெண்கள் வார்டாம், ஆண்கள் வரக்கூடாதாம். சரி, வீட்டுக்கு வந்ததும் என்ன ஆகும்? ஒரு துரும்பை எடுக்க விடவில்லை மனுஷன். விளக்குமாறைத் தொடாதே, அம்மியைத் தொடாதே, உட்கார். மாமியாரும் மதினியும் அதற்கு ஒத்து ஊத, அந்தத் தாள் அரிசி டப்பாவுக்கு அடியில் போய்விட்டது. எல்லாம் பாசம்தான், ஆனால் அசைக்காமல் வைத்த தோள் இறுகிப்போகும் என்பதை அவரிடம் யார் சொன்னார்கள்?

எங்கள் மாவட்டத்தில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தண்ணீருக்குப் போகிற பெண்கள் இன்றும் உண்டு, அதனால் ஆபரேஷன் ஆனவள் முதலில் கேட்பது "இந்தக் கையால இனிமே குடம் தூக்கலாமா"தான். அக்குளில் நெறிக்கட்டிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுத்துவிட்டால் நிணநீர் வடிகிற வழி குறைந்து கை வீங்கக்கூடும், அது உண்மை. அந்தப் பயத்தில் ஆயுசுக்கும் எடை தூக்காதே என்று சொல்லிவிடுகிறார்கள், அதுதான் தப்பு. 2009-லேயே நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு ஆய்வு வந்தது. ஏற்கெனவே கை வீங்கியிருந்த பெண்களுக்கு, பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டிப் பழக்கியதில் வீக்கம் அதிகமாகவில்லை, கைக்கு வலு கூடியது. கொஞ்சம் கொஞ்சமாக என்பது முக்கியம், எடுத்த எடுப்பில் நிறைகுடம் கிடையாது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஆரம்பிக்க வேண்டியதுதான். நான் சாப்பிடுகிற லெட்ரோசோல் மாத்திரையால் மூட்டு வலியும் எலும்புத் தேய்மானமும் வேறு வரலாம் என்பதால் நடை மட்டும் போதாது, தசைக்கும் வேலை வேண்டும். வாரம் 3 நாள் அரை மணி நேர வேக நடை, 2 நாள் தசைப் பயிற்சி, இவ்வளவு செய்தால் சிகிச்சைக்குப் பிறகு வருகிற அசதியும் மனச்சோர்வும் குறையும் என்று 2019-ல் அமெரிக்க அமைப்பு ஒன்று கூட்டிய பன்னாட்டு நிபுணர் குழு சொல்லியிருக்கிறது.

இதைத் தம்பதியாகச் செய்தால் என்ன என்று அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். முதலில் புராஸ்டேட் புற்றுநோய் வந்த ஆண்களும் அவர்கள் மனைவிகளும், மொத்தம் 64 ஜோடிகள். அதில் பாதிப் பேரை ஆறு மாதம் சேர்ந்து எடைப் பயிற்சி செய்யவைத்தார்கள். நோய் கண்டவர்கள் வலுவானார்கள் என்பதோடு, நோயே இல்லாத மனைவிகளுக்கும் தசையும் கை வலுவும் கூடியதாம். பிறகு மார்பகப் புற்றுநோய் வந்தவர்களையும் அவர்கள் துணைகளையும் சேர்த்து அடுத்த ஆய்வுக்குப் போனார்கள்.

எங்கள் வீட்டில் இது தொடங்கியது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஆள் வீட்டில் இருந்துதான் ஆக வேண்டும். என் மகள் அந்தத் தாளைத் தேடி எடுத்து அவர் கையில் கொடுத்து, நீங்கள் எண்ணுங்கள் அப்பா என்றாள். சுவர் ஏறும் பயிற்சியை அவரும் சும்மா செய்து பார்க்க, ஆபரேஷன் ஆன என் கையை விட அவர் கை கீழேயே நின்றுவிட்டது. அவரைப் போல் சர்க்கரை இருப்பவர்களுக்குத் தோள் இறுகுவது சகஜம் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து யார் நோயாளி என்ற பேச்சே போய்விட்டது. எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்போம், துண்டை ஆளுக்கொரு முனையில் மெதுவாக இழுப்போம். அவர் எண்ணும்போது என்னால் ஏமாற்ற முடியாது, மனுஷன் எட்டுக்கு அப்புறம் மறுபடி ஏழு சொல்வார்.

நடக்கப் போனால்தான் பிரச்சினை. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்துப் புருஷன் பெண்டாட்டி ஜோடியாகக் காலையில் நடந்தால் எங்கள் ஊரில் கேலிதான். "என்ன மதினி, மறுவீடா?" என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டுவிட்டுப் போகட்டும். கடற்கரை இருக்கிறதே என்று மணலில் வெறுங்காலோடு இறங்குகிறவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன்: சில கீமோ மருந்துகளால் பாதம் மரத்துப்போயிருக்கும், சிப்பி கிழித்தாலும் தெரியாது, செருப்பு போட்டுக் கெட்டியான தரையில் நடங்கள். சீமைக்கருவேல முள் ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையில் கீறினால் அலட்சியம் வேண்டாம், கை சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் தென்கடல் பக்கம் மண் வாரி முகத்தில் இறைக்கும், நாங்கள் வடகடல் பக்கம் போய்விடுவோம். நோய் எலும்புக்குப் பரவியவர்களும் இதயம் பலவீனமானவர்களும் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது.

அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கியது, மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். எல்லாம் இருக்கிறது. அவர் வரும்போது புருஷனையும் பக்கத்தில் உட்காரவைத்து அரை மணி நேரம் சொல்லிக்கொடுக்க என்ன செலவு? மருத்துவமனைகளும் வார்டுக்குள் விட முடியாது என்றால் வெளியே ஒரு அறையில் இருவருக்கும் சேர்த்துச் சொல்லட்டும். புருஷன் இல்லாதவளுக்கு அக்காவோ மகளோ கடல்பாசி எடுக்கக் கூடவே வருகிற தோழியோ, யாரோ ஒருத்தர்.

உங்கள் கட்டுரையாளரிடம் சொல்லி ஆண்களுக்கென்று ஒரு அரைப் பக்கம் எழுதவையுங்கள். தடைக்காலத்துக்குள் வந்தால் நல்லது, ஜூன் 15 பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆள் கரையில் இருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்