சரித்திரக் கதையும் நம்ம பிள்ளைங்களும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஏழாம் கிளாஸ் எட்டாம் கிளாஸ் பெற்றோர் சில பேர் கொஞ்ச நாளா போன் பண்ணி, "சார், பையன் பாடப்புத்தகத்தை மூடி வச்சுட்டு பொன்னியின் செல்வன் படிச்சிட்டு இருக்கான், நீங்கதான் குடுத்தீங்களாமே"ன்னு கேக்குறீங்க. ஆமா, நாங்கதான் குடுத்தோம். தனித்தனியா பதில் சொல்றதை விட எல்லாருக்கும் சேர்த்து எழுதிடலாம்னு தோணுச்சு, கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

அது சோழர் காலத்துச் சரித்திர நாவல், கல்கி அதை 1950ல ஆரம்பிச்சு 1954 வரைக்கும் வாரா வாரம் தொடரா எழுதினார், மொத்தம் அஞ்சு பாகம். பன்னெண்டு வயசுப் பிள்ளை அஞ்சையும் முடிக்கணும்னு யாரும் சொல்லல. சுருக்கின பதிப்பு படிக்கட்டும், படக்கதையா வந்தது படிக்கட்டும், லைப்ரரி பீரியட்ல டீச்சர் சத்தமா வாசிக்கிறதை கேட்டுட்டு மட்டும் இருந்தாலும் சரி. எங்களுக்கு வேண்டியது அவங்க அதுக்கப்புறம் கேக்குற கேள்விதான். ஏழாம் வகுப்பு சமூக அறிவியல்ல பிற்காலச் சோழர் பாடம் இருக்கு, வருஷமும் பேரும் மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கிடுவாங்க, பரீட்சை முடிஞ்ச மறுநாள் மறந்தும் போயிடும். கதை படிச்ச பிள்ளை அப்படி விடறதில்ல, "ஆதித்த கரிகாலனை நிஜமாவே கொன்னாங்களா டீச்சர்?"னு வந்து நிக்குது.

ஆதித்த கரிகாலன் ராஜராஜனோட அண்ணன், அவனை நிஜமாவே கொன்னாங்க. காட்டுமன்னார்கோயில் பக்கத்துல உடையார்குடி கோயில்ல ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு இருக்கு, கொன்ன துரோகிகள்னு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு பேரோட சொல்லி, அவங்க சொந்தக்காரங்க சொத்தையும் பறிமுதல் பண்ணச் சொல்லுது. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் மூணு பேரும் கல்கியோட கற்பனை. வந்தியத்தேவன் நிஜம், ஆனா தஞ்சாவூர்க் கல்வெட்டுல ராஜராஜனோட அக்கா குந்தவையோட கணவர்னு பேர் வருதே தவிர, அந்தக் குதிரைச் சவாரியும் குறும்புப் பேச்சும் எழுத்தாளர் குடுத்தது. இதை சொன்ன அன்னைக்கு நந்தினி கற்பனைன்னு தெரிஞ்சு ஒரு பொண்ணு ரொம்ப வருத்தப்பட்டுச்சு, அப்புறம் அதே பொண்ணு நோட்டுல நடுவுல கோடு போட்டு ஒரு பக்கம் கல்வெட்டுல இருக்கிறவங்க, மறுபக்கம் கதையில மட்டும் இருக்கிறவங்கன்னு தானா எழுத ஆரம்பிச்சுது, யாரும் சொல்லிக் குடுக்கல. வரலாறு படிக்கிறதுன்னா எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இதுதான்.

அடுத்ததா பிள்ளைங்களையே எழுத வச்சோம். தஞ்சாவூர் பெரிய கோயில்ல ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில்ல ஆடிப் பாடின பெண்களை, பல ஊர்க் கோயில்கள்ல இருந்து கூட்டிட்டு வந்து குடி வச்சதை கல்வெட்டுல எழுதியிருக்கான். எந்தத் தெரு, எந்தச் சிறகு (அதாவது தெருவோட எந்தப் பக்கத்து வரிசை), எத்தனாவது வீடு, எந்த ஊர்ல இருந்து வந்தாங்கன்னு ஒவ்வொருத்தர் பேரும் இருக்கு, ஒவ்வொருத்தருக்கும் வருஷத்துக்கு 100 கலம் (கலம்ங்கிறது அந்தக் கால அளவு) நெல். தெற்குத் தளிச்சேரி தென்சிறகு தலைவீட்டுல, அதாவது தெற்குத் தெருவோட தென்பக்க வரிசை முதல் வீட்டுல, திருவையாறுல இருந்து வந்த சேரமங்கை. இந்த ஒரு வரியை போர்டுல எழுதி, சேரமங்கை வீடு மாறி வந்த நாளை ரெண்டு பக்கம் எழுதிட்டு வாங்கன்னு சொன்னோம்.

அந்த வாரம் ஸ்டாஃப் ரூம்ல இதே பேச்சுதான். திருவையாறுல இருந்து தஞ்சாவூருக்கு இன்னைக்கு பஸ்ல வந்தாலே காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறுன்னு வரிசையா பாலம் வரும், அப்போ அவங்க எப்படித் தாண்டினாங்க, ஆடி மாசம் வெள்ளத்துல வந்தாங்களா, சித்திரையில மணல்ல நடந்து வந்தாங்களான்னு பிள்ளைங்களுக்குள்ள பெரிய வாக்குவாதம். ஒரு பையன் புது வீட்டுல முதல் நாள் தக்காளி ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும்னு எழுதிட்டு வந்தான். தக்காளி, உருளை, மிளகாய் எல்லாமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர், போர்ச்சுக்கீசியர் கப்பல் 1498ல கோழிக்கோடு வந்ததுக்கு அப்புறம்தான் நம்ம ஊருக்கு வந்து சேர்ந்துச்சுன்னு டீச்சர் சொன்னதும் கிளாஸே திகைச்சுப் போச்சு. மிளகாய் இல்லாம எப்படி சமைச்சிருப்பாங்கன்னு அன்னைக்கு சாயங்காலம் நிறைய வீட்டுல பாட்டிகிட்ட கேட்டிருக்காங்க போல, மறுநாள் மிளகு, இஞ்சி, புளி, சீரகம்னு ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க. அந்தப் பையனும் மிளகு ரசம் வச்சு திருத்தி எழுதிட்டான், ரொம்ப நல்லா வந்திருக்கு, நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கோம், ஸ்கூலுக்கு வரும்போது கண்டிப்பா படிங்க.

இன்னொரு விஷயம், இதை சொல்லாம இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனசு வரல. "ராஜராஜ சோழன் எங்க ஆளு"ன்னு சொல்லி ஏழாம் கிளாஸ் பசங்க ரெண்டு பேர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க. பன்னெண்டு வயசுப் பிள்ளைக்கு இது தானா தோணாது, எங்கேயோ பெரியவங்க பேச்சுல கேட்டது, போன்ல பார்த்த வீடியோ, அவ்வளவுதான். அதே பெரிய கோயில் கல்வெட்டுல தையல்காரர், குயவர், நாவிதர், வண்ணார், தச்சர், கணக்கர், மேளம் வாசிக்கிறவங்கன்னு அத்தனை பேருக்கும் பங்கு எழுதியிருக்கு. தான் குடுத்ததையும் அக்கா குடுத்ததையும் தன் வீட்டுப் பெண்டுகள் குடுத்ததையும் மத்தவங்க குடுத்ததையும் சேர்த்துக் கல்லுல வெட்டுங்கன்னு சொன்ன ராஜாவை ஒரு தெருவுக்கு மட்டும் சொந்தமாக்காதீங்க. வீட்டுல பிள்ளைங்க முன்னாடி அந்தப் பேச்சு வேண்டாம், கையெடுத்துக் கும்பிட்டு கேக்குறேன்.

பெருமை மட்டும் பேசுற கதையும் எனக்கு ஒப்புதல் இல்ல. ராஜராஜன் படை இலங்கைக்குப் போனப்போ அனுராதபுரம் அழிஞ்சுது, அதுக்கப்புறம் இலங்கையில சோழர் ஆட்சிக்குத் தலைநகரா பொலன்னறுவையை வச்சுக்கிட்டாங்க. எட்டாம் கிளாஸ்ல ஒரு பொண்ணு அனுராதபுரத்துல இருக்கிற ஒரு சின்னப் பிள்ளை சோழர் படை வர்றதைப் பார்க்கிற மாதிரி எழுதியிருக்கா. நம்ம ராஜாவை இப்படி எழுதலாமான்னு ஒரு அப்பா கேட்டார். எழுதலாம் சார், தோத்த ஊர்லயும் பிள்ளைங்க இருந்தாங்க இல்லையா, அதை யோசிச்சுப் பார்க்கத்தான் கதை எழுதச் சொல்றோம்.

பாடமும் படிக்கணும், அதுல விட்டுக் குடுக்க மாட்டோம். ராத்திரி ஒன்பதரைக்கு மேல புக்கை வாங்கி வச்சிடுங்க, எங்க பேரைச் சொல்லியே வாங்குங்க. ஆனா "இது பரீட்சைக்கு வருமா"ன்னு மட்டும் கேக்காதீங்க, அந்த ஒரு கேள்வியில பிள்ளை வாய் மூடிடும். அதுக்குப் பதிலா "இதுல எது நிஜம், எது கதை, உனக்கு எப்படித் தெரியும்?"னு கேளுங்க. உங்களுக்கு பதில் தெரியணும்னு அவசியமே இல்ல. படிக்கத் தெரியாத தாத்தா பாட்டி வீட்டுல இருந்தா இன்னும் நல்லது, பிள்ளையையே சத்தமா வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க.

அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை பிள்ளைங்களைத் தஞ்சாவூர் கூட்டிட்டுப் போறோம். கோபுரம் பார்த்து போட்டோ எடுக்கிறதோட முடிக்கப் போறதில்ல, விமானத்து அடிச்சுவர்ல இருக்கிற எழுத்தை கிட்ட நின்னு பார்க்கணும், தெரிஞ்ச எழுத்தை நோட்டுல வரைஞ்சுட்டு வரணும். கூட வர விரும்புற அம்மா அப்பா நாலஞ்சு பேர் இருந்தா எங்களுக்கும் உதவியா இருக்கும். அனுமதிச் சீட்டு டைரியில ஒட்டியிருக்கு, கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள கிளாஸ் டீச்சர்கிட்ட குடுத்தனுப்புங்க. மதிய சாப்பாடு வீட்டுல இருந்து கட்டிக் குடுத்துடுங்க.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்